வாடகைப்படியும் என் வளையலும்

2024 மே மாதம். நல்ல கத்திரி வெயில். மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தேன். ஆபீஸிலிருந்து வந்த இவர் நேரே மாடிக்கே ஏறி வந்தார். "மாற்றல் வந்துடுச்சு" என்றார்.

"எங்கே, திருச்சிக்கா?"

"மும்பைக்கு."

கையிலிருந்த குழலைக் கீழே வைத்துவிட்டேன். மாவு பாதி பிழிந்தும் பிழியாமலும் காய்ந்து போனது. அந்த வருஷ வடாம் அவ்வளவுதான்.

நாங்கள் கும்பகோணத்துக்காரர்கள். இவருக்கு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. கடன் வாங்கிக் கட்டிய வீடு, மாமியார், ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன், திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரிக்குப் போகும் பெண். இதுதான் எங்கள் குடும்பம். நான் பிளஸ் டூ வரை படித்தவள். கணக்கில் மட்டும் ஒருபோதும் மார்க் குறைந்ததில்லை. அது இப்படி ஒரு சமயத்தில் கைகொடுக்கும் என்று அன்றைக்குத் தெரியாது.

மாற்றல் செய்தி தெருவில் பரவியதும் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். எதிர் வீட்டு அக்காவின் பிள்ளையும் மத்திய சர்க்கார் உத்தியோகம்தான். "அவரை மட்டும் அனுப்பிவிடு. அங்கே அவருடைய தம்பி முறைக்காரர் வீடு இருக்குன்னு சொன்னியே, ஒரு ஓரமா படுத்துக்கட்டும். மும்பைக்குப் போனா வாடகைப்படியே பதினெட்டாயிரம் வரும். வாடகை கொடுத்தாலும் கொடுக்காட்டாலும் அந்தப் பணம் வரும். அப்படியே மிச்சம்!" என்றாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஊர்களை மூன்று தரமாகப் பிரித்திருக்கிறார்கள். மும்பை, சென்னை, தில்லி, கொல்கத்தா, பெங்களூர், ஹைதராபாத், புனே, ஆமதாபாத் என்று எட்டுப் பெரு நகரங்கள் முதல் தரம். கும்பகோணம் மாதிரி ஊர்கள் கடைசித் தரம். அகவிலைப்படி ஐம்பது சதவிகிதத்தைத் தொட்டதால் 2024 ஜனவரியிலிருந்து முதல் தர ஊர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவிகிதம், நடுத்தரத்துக்கு 20, கடைசித் தரத்துக்கு 10 என்று வாடகைப்படி ஆக்கியிருந்தார்கள். இவருக்கு அடிப்படைச் சம்பளம் 60,400. கும்பகோணத்தில் 6,040 வந்த படி மும்பையில் 18,120 ஆகும். சர்க்கார் குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொள்ளாதவரை இதைப் பெற வாடகை ரசீதுகூடக் காட்ட வேண்டியதில்லை. நாங்கள் சொந்த வீட்டில் இருந்தபோதே இந்தப் படி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வாடகையே கொடுக்காததால் முழுத் தொகைக்கும் வருமான வரி உண்டு.

பதினெட்டாயிரம் மிச்சம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? எனக்கும் வந்தது, மறைப்பானேன். அன்று ராத்திரி மனசுக்குள் வீட்டுக் கடனை எத்தனை மாதத்தில் அடைக்கலாம் என்றுகூடப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆனால் இவருக்குச் சர்க்கரை இருக்கிறது. 2019ல் மூன்று மாதப் பயிற்சிக்கு வெளியூர் போனார். ஹோட்டல் சாப்பாடு, நேரங்கெட்ட நேரத்தில் காபி, மாத்திரையை மறப்பது. திரும்பி வந்தபோது சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. கால் விரலில் புண். அது ஆறுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாள் காலையில் மாமியாரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீயும் கூடப் போ. நாலு தெரு தள்ளி என் பொண்ணு இருக்கா, என்னை அவ பார்த்துப்பா. பணத்தைச் சேர்த்து வச்சு அப்புறம் காலுக்கு வைத்தியம் பார்க்கவா?" என்றார். அத்தோடு முடிவாகிவிட்டது.

ஜூன் மாதம் மழையோடு மழையாக மும்பை போய்ச் சேர்ந்தோம். டோம்பிவிலியில் இவருடைய சித்தப்பா மகன் வீட்டில் இறங்கினோம். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, அதில் ஏற்கெனவே நாலு பேர். நாங்கள் மூன்று பேர். அவர் மனைவி முகம் கோணாமல் எங்களை ஒரு மாதம் வைத்துக்கொண்டாள். ராத்திரி கூடத்தில் பாய் விரித்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போகக்கூட வழி இருக்காது.

வீடு தேட ஆரம்பித்த பிறகுதான் பதினெட்டாயிரத்தின் மதிப்பு புரிந்தது. செம்பூரில் தமிழர்கள் அதிகம், கோயில் இருக்கிறது என்று ஆசையாகப் போனோம். ஒரு படுக்கையறை வீட்டுக்கு நாற்பதாயிரம் என்றார் தரகர். மாட்டுங்காவில் விலையைக் கேட்டுவிட்டு ஒரு காபி குடித்துத் திரும்பினோம். டோம்பிவிலியிலேயே பதினாறாயிரத்துக்குக் கிடைக்கும் என்றார் மைத்துனர். வாடகைப்படி அலுவலகம் இருக்கும் ஊரைப் பொறுத்தது என்பதால், டோம்பிவிலியில் குடியிருந்தாலும் அதே 18,120 வரும். ஆனால் அங்கிருந்து இவர் அலுவலகம் போக ரயிலில் மட்டும் ஒன்றேகால் மணி நேரம். காலை வேளையில் அந்த வண்டியில் ஏறுவதை ஒரு நாள் நின்று பார்த்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்க... வேண்டாம் என்றுவிட்டேன். சர்க்கரை திடீரென்று இறங்கினால் பையிலிருக்கும் மிட்டாயை எடுக்கக்கூடக் கை வராது.

கடைசியில் முலுண்டில் ஒரு வீடு அமைகிற மாதிரி இருந்தது. மும்பை எல்லைக்குள் அந்தப் பாதையில் கடைசி ஸ்டேஷன். அடுத்த ஸ்டேஷனான தாணேயிலிருந்து புறப்படும் வண்டிகள் இருப்பதால் மூச்சுவிடவாவது இடம் கிடைக்கும். வாடகை 22,000. இவருக்கு ரொம்பத் திருப்தி. பேச்சு முடிகிற சமயத்தில் தரகர் மெதுவாகச் சொன்னார்: ஒப்பந்தத்தில் வாடகை எட்டாயிரம் என்றுதான் எழுதுவார்களாம். மீதிப் பதினாலாயிரத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட வேண்டுமாம். அட்வான்ஸ் அறுபதாயிரமும் ரொக்கம்தான், அதற்கு ரசீது கிடையாதாம். "எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க" என்றார்.

அதென்ன எட்டாயிரம்? அன்று ராத்திரி கும்பகோணத்துக்கு, நாத்தனார் மகளுக்குப் போன் போட்டேன். பி.காம் படித்துவிட்டு ஆடிட்டர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாள். சிரித்தாள். "அத்தை, வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா வரி விலக்கு கேட்கிறவங்க வீட்டுக்காரரோட பான் நம்பரைக் கொடுக்கணும். எட்டாயிரத்தைப் பன்னிரண்டால பெருக்குங்க, தொண்ணூத்தாறாயிரம். அவரு தப்பிச்சுக்குவாரு. மாட்டிக்கிறது நீங்கதான்" என்றாள்.

பிறகு அவள் விளக்கியதை நான் கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். என்னைப் போன்ற சகோதரிகள் பலருக்கும் இது தெரிந்திருக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன். படி வருவது ஒன்று, அந்தப் படிக்கு வரி விலக்குக் கிடைப்பது வேறொன்று. விலக்குக்கு மூன்று தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். கையில் வந்த வாடகைப்படி முதல் தொகை. கட்டிய வாடகையிலிருந்து, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டாவது தொகை. மூன்றாவது, அந்தச் சம்பளத்தில் பாதி. வீடு மும்பை, சென்னை, தில்லி, கொல்கத்தா இந்த நாலு ஊரில் இருந்தால் பாதி, அப்போது மற்ற ஊர்களுக்கு 40 சதவிகிதம். மூன்றில் எது குறைவோ அந்த அளவுக்குத்தான் வரி இல்லை. இதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புது முறையில் இந்த விலக்கே கிடையாது.

இவருடைய சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 90,600. பத்தில் ஒரு பங்கு 9,060. ஒப்பந்தத்தில் எழுதுகிற வாடகையோ 8,000. எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரத்தை எப்படிக் கழிப்பது? விலக்கு பூஜ்யம்! மாதம் 22,000 எண்ணிக் கொடுத்துவிட்டு, சர்க்காரின் கண்ணுக்கு வாடகையே கொடுக்காதவர்கள் மாதிரி நிற்க வேண்டும். கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இருந்துகொண்டு வரி கட்டியதற்கு ஒரு நியாயம் இருந்தது. இதற்கு என்ன நியாயம்?

சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு கிசுகிசுவென்று இவரிடம் சொன்னேன். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு மாசமா அடுத்தவங்க வீட்டுக் கூடத்துல படுத்துக் கிடக்கிறோம். உனக்கு வரிக் கணக்கு முக்கியமா? நாளைக்கே அட்வான்ஸ் கொடுக்கப் போறேன்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பணக் கணக்கில் நான் குறுக்கே பேசியது அதுதான் முதல் தடவை. அன்று நானும் விடவில்லை. "அறுபதாயிரத்தை ரசீதில்லாம கொடுக்கறீங்க. பதினோரு மாசம் கழிச்சு அவர் இல்லைன்னு கையை விரிச்சா யார்கிட்ட போய் நிப்பீங்க?" என்றேன். பதில் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் "சாப்பிட வாங்க", "குடை எடுத்துக்குங்க" என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

மைத்துனர் சமாதானம் செய்ய வந்தார். "அண்ணி, எதுக்குக் கவலை? நீங்க எங்கே வேணா இருங்க, எனக்கு வாடகை கொடுத்த மாதிரி நானே ரசீது எழுதித் தர்றேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் வாங்காத வாடகையை அவர் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இரண்டு பேருக்கும் வம்பு. சொந்தக்காரருக்கு நிஜமாகவே வாடகை கொடுத்தால் ரசீது வாங்குவதில் தப்பில்லை. கொடுக்காமல் வாங்குவது பொய். ஒரு மாதம் உட்கார வைத்துச் சோறு போட்ட மனிதரை அதில் இழுத்துவிடுவதா?

மூன்றாம் நாள் இவரே, "சரி, இன்னும் ரெண்டு வீடு பார்ப்போம்" என்றார். மன்னிப்பு கேட்கிற வழக்கம் இவருக்குக் கிடையாது. அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன்.

அதே முலுண்டில், கிழக்குப் பக்கம், பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வாடகை 25,000. வீட்டுக்கார அம்மாள் ஓய்வு பெற்ற ஆசிரியை, மராட்டிக்காரர். இஞ்சி தட்டிப் போட்ட டீ கொடுத்தார். என் உடைந்த இந்தியில் பான் எண் தருவீர்களா என்று கேட்டேன். உள்ளே போய் அட்டையின் நகலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் அட்டெண்டன்ஸ் எழுதினவள், எனக்கும் எல்லாம் எழுத்தில் இருந்தால்தான் நிம்மதி" என்று சொன்னதாகத் தரகர் மொழிபெயர்த்தார். முன்னே பார்த்த வீட்டைவிட மூவாயிரம் அதிகம்தான். ஆனால் என் கேலண்டர் தாள் கணக்கில், 25,000லிருந்து 9,060 போக 15,940க்கு விலக்கு. இருபது சதவிகித வரியும் அதன் மேல் செஸ்ஸும் என்று பார்த்தால் மாதம் மூவாயிரத்து முந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். அதிக வாடகை அதற்கே சரியாகப் போய்விடும் என்று இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

அட்வான்ஸ் ஒரு லட்சம். இதில் ஒரு விஷயம். வாடகைப்படி மாதாமாதம் சம்பளத்தோடு வருவது, அட்வான்ஸுக்கு அது உதவாது. மாற்றலுக்கென்று அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவிகிதம், எங்களுக்கு 48,320, கொடுப்பார்கள். அது பில் போட்டு வந்து சேர அக்டோபர் ஆகிவிட்டது. ஜூலையில் எங்கே போவது? சீட்டுப் பணம் முப்பதாயிரம் இருந்தது. மீதிக்கு, அம்மா போட்ட நாலு வளையலைக் கழற்றி வங்கியில் வைத்தேன். வளையல் இல்லாத கையை மூடிக்கொள்ளக் கண்ணாடி வளையல் வாங்கி மாட்டிக்கொண்டேன். அங்கே பச்சைக் கண்ணாடி வளையல்தான் சுமங்கலிகளுக்கு விசேஷம் என்பதால் யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை.

மகாராஷ்டிராவில் 1999ஆம் வருஷத்து வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஒரு பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து, கம்ப்யூட்டரில் எல்லோருடைய கைரேகையையும் பதித்துக்கொண்டு போனான். பதினோரு மாதம், வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு என்று எல்லாம் அதில் இருந்தது. அதைப் பார்த்தபோது வளையல் போன வருத்தம் பாதி குறைந்தது.

ஒவ்வொரு மாதமும் வாடகையை வங்கி மூலமாகவே அனுப்பினோம். ரசீதை வாங்கி, பையனின் பழைய நோட்டு அட்டைக்குள் வைத்தேன். ஆனால் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் ஒரு கோட்டை விட்டோம். செப்டம்பர் சம்பளச் சீட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். வரிப் பிடித்தம் நான் நினைத்ததைவிடக் கூடுதலாக இருந்தது. எந்த வரி முறை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்ததாம், மாற்றல் அமளியில் இவர் கொடுக்கவில்லையாம். ஒன்றும் சொல்லாதவர்களுக்குப் புது முறைப்படிதான் பிடிப்பார்கள், 2023 ஏப்ரலிலிருந்து அப்படி. வாடகைப்படி முழுவதற்கும் வரி போய்க்கொண்டிருந்தது!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடியும் நாத்தனார் மகள்தான் ஆறுதல் சொன்னாள். சம்பளக்காரர்கள் வருஷக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்யும்போது, கெடுவுக்குள் செய்தால், பழைய முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாமாம். வாடகை விலக்கையும் அதிலேயே கேட்கலாம், ரசீதும் ஒப்பந்தமும் பத்திரமாக இருக்கட்டும் என்றாள்.

2025 ஜூலையில் அவளே உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கும்பகோணத்து வீட்டுக் கடன் வட்டியும் பழைய முறையில் கழிந்தது. வீடு ஒரு ஊரிலும் உத்தியோகம் வேறு ஊரிலும் இருக்கிறவர்கள் இரண்டையும் கேட்கலாம். ஒன்பது மாத வாடகைக்கு, என் கேலண்டர் தாளின்படி முப்பதாயிரமாவது திரும்பி வரும் என்று ஆசைப்பட்டிருந்தேன். வந்தது பதினேழாயிரத்துச் சொச்சம். புது முறையில் வரி வீதமே கொஞ்சம் குறைச்சல் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை! 2025 ஏப்ரலிலிருந்து அந்த வீதங்களை இன்னும் குறைத்துவிட்டதால், எங்களுக்கு இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. வருஷத் தொடக்கத்திலேயே இரண்டையும் போட்டுப் பார்த்து, எது லாபமோ அதை இவர் மறக்காமல் எழுதிக் கொடுக்கிறார். கொடுத்தீர்களா என்று நான் இரண்டு தடவை கேட்கிறேன்.

மாற்றல் பணத்தில் நகைக் கடனில் பெரும் பகுதியை அடைத்திருந்தோம். பதினேழாயிரத்தோடு கொஞ்சம் போட்டு மீதியைக் கட்டி, தீபாவளிக்கு முன்னால் வளையலை மீட்டேன். கண்ணாடி வளையலையும் கழற்றவில்லை, அதுவும் பழகிவிட்டது.

குவார்ட்டர்ஸுக்கும் எழுதிப் போட்டிருக்கிறோம். ஆன்டாப் ஹில் காலனியில் இருக்கும் சிநேகிதி, அது கிடைத்தால் வாடகைப்படி நின்றுவிடும், ஆனால் லைசென்ஸ் கட்டணம் கொஞ்சம்தான் பிடிப்பார்கள், இங்கே இருபத்தைந்தாயிரம் கொடுப்பவர்களுக்கு அது யோகம் என்கிறாள். பட்டியலில் எங்கள் பெயர் எங்கோ கீழே கிடக்கிறது.

இவருக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு ஏழுக்குள் இருக்கிறது. மூன்று மாடி ஏறி இறங்குவதும், கையோடு கொண்டுபோகிற கேழ்வரகு அடையும்தான் காரணம் என்கிறேன். மாத்திரைதான் காரணம் என்கிறார் டாக்டர்.

போன வாரம் வீட்டுக்கார அம்மாள் டீ குடிக்கக் கூப்பிட்டார். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், ஆயிரத்தைந்நூறு கூட்டித் தரச் சொல்கிறார். நான் ஆயிரம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ராத்திரி இவரே கேலண்டர் தாளைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தார்.